அப்படி ஒரு வண்டி இங்கே இல்லை

ஜூலை 18, செவ்வாய்

இன்று முதல் நான் குடோன் ராணி. ஒருவழிப் பாதையில் எதிரே வந்த ஒரு பெரிய மனிதரை வண்டியை விட்டு இறங்கச் சொன்னேன். அவர் டி.எஸ்.பி.யின் மைத்துனராம். அடுத்த வாரமே என்னை டிராஃபிக்கிலிருந்து இறக்கி, இந்த ஸ்டேஷனில் வழக்குச் சொத்து அறைக்குப் பொறுப்பாகப் போட்டுவிட்டார்கள். எனக்கொன்றும் வருத்தமில்லை. வெயில் இல்லாத வேலை.

பலகையில்தான் வழக்குச் சொத்து அறை. எல்லோர் வாயிலும் அது குடோன். திருடனிடம் பிடித்தது, குடிகாரனிடம் பறித்தது, கொலை நடந்த இடத்தில் பொறுக்கியது என்று எல்லாம் கேஸ் முடிகிறவரை இங்கேதான் குடியிருக்கும். அரிவாள்கள் விறகுக் கட்டு மாதிரி மூலையில் கிடக்கின்றன. ஒரு மெத்தை இருக்கிறது, என்ன கேஸ் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. பின்பக்கம் வண்டிகள். கோவைக்கொடி ஏறி, பழம் பழுத்து, கிளி வந்து போகிறது.

குடோனில் இருக்க வேண்டியதில் பாதி ஸ்டேஷனுக்குள் உத்தியோகம் பார்க்கிறது. சுவர்க் கடிகாரம் ஒரு திருட்டுக் கேஸ். ரைட்டர் கொம்பையா அண்ணன் உட்காரும் நாற்காலி சீட்டாட்டக் கேஸ். டீ வாங்கப் போகிற தூக்குவாளி ஏதோ அடிதடியில் ஒருவன் மண்டையை உடைத்தது. "இதெல்லாம் எடுத்துப் புழங்கலாமா அண்ணே?" என்று கேட்டேன்.

"சும்மா கெடந்து துருப்பிடிக்கதுக்கு நாலு பேருக்கு உதவட்டுமே. கோர்ட்டு கேட்டா தொடைச்சுக் கொடுத்துருவோம்லா" என்றார்.

அண்ணன் பதினைந்து வருடமாக இங்கே ரைட்டர். இன்ஸ்பெக்டர்கள் வருவார்கள், போவார்கள். கொம்பையா அண்ணனும் அந்தக் கடிகாரமும்தான் நிரந்தரம்.

ஜூலை 20

சாமான்களில் ஒட்டியிருந்த சீட்டுகளைக் கரப்பான் தின்றுவிட்டது. மைதாப் பசை போட்டு ஒட்டினால் தின்னாமல் என்ன செய்யும்? இனி நூல் கட்டித்தான் தொங்கவிட வேண்டும். பகல் முழுதும் தும்மல்.

என் கணவர் தூத்துக்குடியிலிருந்து பேசினார். மாறுதல் மனு என்ன ஆயிற்று என்றார். இன்ஸ்பெக்டர் மேசையில் இருக்கிறது என்றேன்.

ஜூலை 22, சனி

இன்றைக்கு ஒரு பெண் வந்தாள். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் கோர்ட் ஆர்டர். கல்யாண வீட்டுக்குப் போகிறவள் போல முகத்தில் அளவாகப் பவுடர், கண்ணில் மை, தலையில் பிச்சிப்பூ. பெயர் ஞானப்பூ. மணப்பெண்களுக்கு மேக்கப் போடுவது தொழில். சின்ன வயதில் போலியோ வந்து வலதுகால் சூம்பியிருக்கிறது. பின்னால் இரண்டு பக்கமும் துணைச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில்தான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டப வாசலில் அதைத் திருடிவிட்டார்கள். சங்கிலி அறுக்கிற ஒருவன் பிடிபட்டபோது, அந்த வண்டியையும் நான்தான் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறான். வண்டியை உரியவளிடம் கொடுக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் எழுதிக் கொடுத்துவிட்டார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா? கொம்பையா அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எத்தனை தடவம்மா சொல்லுதது? நாலு சக்கர ஸ்கூட்டர்னு அப்படி ஒரு வண்டி இங்கன இல்ல."

"திருடுனவனே ஒங்ககிட்டதான் கொடுத்தேன்னு சொல்லுதான். ஒங்களுக்குக் கிடைக்கலையாக்கும்?" என்றாள் அவள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உண்மையிலேயே நாலு சக்கர ஸ்கூட்டர் எதுவும் இல்லை. அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, "ஆவணில மொத முகூர்த்தத்துக்கு மலையடிவாரத்துல ஒரு பொண்ணுக்கு மேக்கப் ஒத்துக்கிட்டிருக்கேன், ஏட்டம்மா. பஸ்ஸு போகாத ஊரு" என்றாள்.

"ஆட்டோல போயேன்."

"போறேன். ஆட்டோக்காரர்ட்ட கேக்கணும், தம்பிட்ட கேக்கணும், பக்கத்து வீட்டு மாமாட்ட கேக்கணும். என்னைக் கொண்டு விடுதியளா, என்னைக் கொண்டு விடுதியளான்னு ரெண்டு வருசமா கேட்டுக் கேட்டு வாய் புளிச்சுப் போச்சு. முன்னாடி நான் யார்ட்டயும் கேட்டதில்ல."

டீ வாங்கிக் கொடுத்தேன். அந்தத் தூக்குவாளி டீதான்.

ஜூலை 24

மறுபடி வந்தாள். போகும்போது என்னைப் பார்த்து, "ஒங்க புருவம் நல்ல புருவம் ஏட்டம்மா, காடு மாதிரி விட்டு வச்சிருக்கிய" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அரசு ஊழியரை அவமதித்ததாகக் கேஸ் போடலாம். கண்ணாடியில் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

ஜூலை 26, புதன்

ஆகஸ்டு கடைசியில் எஸ்.பி. ஆய்வுக்கு வருகிறார். அதற்குள் பின்பக்கத்தைச் சுத்தமாக்க வேண்டுமாம். உரிமை கோராத வண்டிகளை மொத்தமாகப் பழைய இரும்புக்காரர்களுக்கு ஏலம் விட உத்தரவு வாங்கிவிட்டார் இன்ஸ்பெக்டர் தாமோதரன். பட்டியல் எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டியது நான்.

"சீக்கிரம் முடிச்சுக் கொடும்மா. உன் மனுவை நானே எஸ்.பி. ஆபீசுக்கு எடுத்துட்டுப் போய் பேசறேன். புருஷன் ஒரு ஊரு, நீ ஒரு ஊருன்னு எத்தனை நாள்தான் இருப்பே?" என்றார்.

நல்ல மனிதர்தான். கணவருக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு பார்க்கவா என்று கேட்டார். பார்க்கட்டுமே, பார்ப்பதற்கு என்ன.

ஜூலை 29, சனி

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

காலையில் கொடியை அறுத்துப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தேன். (எந்த அரிவாளால் என்று எழுதமாட்டேன். குடோனில் வேறு அரிவாளா இருக்கிறது?) ஆடிக் காற்றில் சீட்டெல்லாம் பறக்கிறது. ஞானப்பூ வந்து, கேட்காமலே உள்ளே புகுந்து, வண்டி வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். "ஆர்டர்ல நாலு சக்கரம்னு இருக்கு, நீ ரெண்டு சக்கரத்தைப் போய்ப் பாக்கியே" என்று கத்தினேன். காதில் வாங்கவில்லை.

சுவரோரம் கறுப்பு பெயின்ட் அடித்த ஒரு ஸ்கூட்டர். நம்பர் பிளேட் இல்லை. சேசிஸ் எண்ணை அரம் போட்டு ராவியிருந்தார்கள். சங்கிலி அறுப்புக் கேஸில் பிடித்தது. அந்தக் கேஸ் முடிந்துவிட்டது, கேட்க ஆளில்லை, ஆகவே ஏலப் பட்டியலில் இருந்தது. அவள் அதன் பக்கத்தில் நின்றுவிட்டாள். சீட்டுக்கு இடதுபுறம் ஒரு இரும்பு வளையம், கீழே இன்னொன்று, அதில் பாதி அறுபட்டிருந்தது. எல்லா வண்டியிலும் இருக்கிற வளையம் இல்லை அது.

அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஊன்றுகோலை மேலே இருந்து வளையத்துக்குள் விட்டாள். அது வழுக்கி இறங்கி, கீழ் வளையத்தில் போய் நின்றது. ஆடவில்லை, அசையவில்லை.

"எங்கப்பா வெல்டிங் வச்சுக் கொடுத்தது. கம்பு வைக்க எடம் வேணும்லா" என்றாள். அப்புறம்தான் அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தும்மல் என்று சொல்லிவிட்டேன்.

நடந்தது இதுதான். திருடியவன் துணைச் சக்கரங்களைக் கழற்றி, பெயின்ட் அடித்து, அதிலேயே போய்ச் சங்கிலி அறுத்திருக்கிறான். அந்தக் கேஸில் இது ரெண்டு சக்கர வண்டி. திருட்டுக் கேஸில் இதே வண்டிக்கு நாலு சக்கரம். நாலு சக்கரத்தைத் தேடியவளிடம் அப்படி ஒரு வண்டி இல்லை என்றோம். ரெண்டு சக்கரத்துக்கு ஆளே வரவில்லை என்று ஏலத்தில் சேர்த்தோம். வண்டி ஒன்றுதான், அது சுவரோரமே நின்றிருக்கிறது. இப்படித் தப்பு செய்ய எங்களைத் தவிர யாராலும் முடியாது.

ஜூலை 31

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். "ஆர்டர்ல பக்கச் சக்கரத்தோடன்னு எழுதியிருக்கு. அது இல்லாமக் கொடுத்தா நாளைக்குக் கோர்ட்டுல யார் பதில் சொல்றது? சக்கரத்தைக் கொண்டா, வண்டியைக் கொடு. ஏலத்துக்கு முன்னால" என்றார்.

அதுவும் நியாயம்தான். சக்கரம் இல்லாமல் கொடுத்தாலும் அவளால் ஓட்ட முடியாதே.

சக்கரங்களையும் அச்சுச் சட்டத்தையும் திருடன் வீட்டிலிருந்து எடுத்துவந்து இங்கேதான் வைத்தார்களாம். அப்புறம் எங்கே போயிற்று என்று கொம்பையா அண்ணனைக் கேட்டேன். "இன்னைக்கு என்ன காத்து, என்ன காத்து. அம்மியே பறந்துரும் போலிருக்கு" என்றார்.

ஆகஸ்டு 2

குடோன் முழுக்கப் புரட்டியாயிற்று. கிடைத்தவை: காதறுந்த அண்டா, பிள்ளையார் பொம்மை, ஒற்றைச் செருப்பு, உயிருள்ள ஒரு தேள். சக்கரம் இல்லை. அண்ணன் இன்று என் கண்ணையே பார்க்கவில்லை.

ஆகஸ்டு 4, ஆடி வெள்ளி

இன்ஸ்பெக்டர் வீட்டம்மா லோசனி, பெண் போலீஸ் எல்லோரையும் மஞ்சள் குங்குமத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குவார்ட்டர்ஸ் ஸ்டேஷன் காம்பவுண்டிலேயே இருக்கிறது. நல்ல மனசு, நல்ல பக்தி, பாயசமும் நன்றாக இருந்தது. முற்றத்தில் துளசியைக் கும்பிடச் சொன்னார்கள். "வெயில் எங்க இருக்கோ அங்க தள்ளிக்கலாம், பாருங்க முப்பிடாதி" என்று துளசித் தொட்டியை ஒற்றை விரலால் எனக்கு நகர்த்திக் காட்டினார்கள்.

விழுந்து கும்பிட்டேன். தொட்டிக்குக் கீழே இரும்புச் சட்டம். சட்டத்தின் இரண்டு முனையிலும் ஸ்கூட்டர் சக்கரம். ஒரு சக்கரத்தில் மஞ்சள் பூசி மூன்று குங்குமப் பொட்டு.

வழக்குச் சொத்தை விழுந்து கும்பிட்ட முதல் போலீஸ் நானாகத்தான் இருப்பேன்.

வெளியே வந்து அண்ணனை மடக்கினேன். "பழைய இன்ஸ்பெக்டர் வீட்டம்மா காஸ் சிலிண்டர் தூக்க முடியலன்னாவ. சும்மா கெடந்துதேன்னு முன்னால ரெண்டு சின்ன உருளை வச்சுத் தள்ளுவண்டியாக்கிக் கொடுத்தேன். இவிய வந்து துளசியத் தூக்கி வச்சுட்டாவ. சாமியாயிட்டு. நான் போய் எப்பிடித் தாயி கேப்பேன்?" என்றார். பாவமாகவும் இருந்தது, மண்டையில் ஒன்று போடலாம் போலவும் இருந்தது.

ஆகஸ்டு 7, திங்கள்

இன்ஸ்பெக்டரிடம் போய், சக்கரம் இருக்கிற இடம் தெரிந்துவிட்டது என்றேன். எங்கே என்றார். சொன்னேன்.

"வருஷாந்திர ஆய்வு நேரத்துல, கேஸ் சாமான் என் வீட்டுல இருந்துச்சுன்னு நானே எழுதணுமா? அந்த வண்டியையும் ஏல லாட்டுல சேர்த்துடு. அந்தப் பொண்ணுக்கு அரசாங்கத்துலயே புது வண்டி தருவாங்க, மனு போடச் சொல்லு. உன் மனு நாளைக்கே போகும்."

கதவு வரைக்கும் போனவளைக் கூப்பிட்டு, "தூத்துக்குடிதானே?" என்றும் கேட்டார்.

ஆமாம் என்றேன்.

ஆகஸ்டு 8

தலைவலி. இவர் வீடு பார்த்துவிட்டாராம். இரண்டு பக்கமும் ஜன்னல், கடல் காற்று வருமாம்.

ஆகஸ்டு 9

பட்டியலை முடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதில் கறுப்பு ஸ்கூட்டர் இல்லை. இன்ஸ்பெக்டர் படித்துப் பார்த்துவிட்டு, சிவப்புப் பேனாவால் அதைத் தன் கையாலேயே சேர்த்தார். என் மனுவை மேசை மேலிருந்து எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். ஏலம் வெள்ளிக்கிழமை.

எனக்கொன்றும் வருத்தமில்லை. கடல் காற்று பட்டால் எனக்குச் சளி பிடிக்கும்.

ஆகஸ்டு 10

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வெளியே போன நேரம், லோசனி அம்மா வீட்டுத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றலாமே என்று போனேன். வேறு எதற்கும் இல்லை. அவர்கள்தான் பேச்சுக் கொடுத்தார்கள். என்ன வேலை, எப்படிப் போகிறது என்றார்கள். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா? சொன்னேன்.

ஆகஸ்டு 11, கடைசி ஆடி வெள்ளி

எழுதாவிட்டால் தூக்கம் வராது.

பத்து மணிக்கெல்லாம் பழைய இரும்புக்காரர்கள் வந்துவிட்டார்கள். மினி லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன. ஞானப்பூவுக்கு யார் சொன்னார்களோ, அவளும் வந்து கறுப்பு ஸ்கூட்டர் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். துணைச் சக்கரம் இல்லாததால் ஸ்டாண்டில் நின்ற வண்டி அது. ஊன்றுகோலை வளையத்தில் செருகியிருந்தாள்.

"இறங்கும்மா. ஏலம் நடக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்னையும் சேத்து ஏலம் விடுங்க சார். இரும்பு வெலைக்குப் போனாலும் சரிதான்."

இரும்புக்காரர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் முகம் சிவந்துவிட்டது. என்னைப் பார்த்து, "இறக்கும்மா அவளை" என்றார்.

நான் போனேன். அவள் பக்கத்தில் நின்றேன். அவ்வளவுதான், அதற்கு மேல் என் கால் நகரவில்லை. "முடியாது சார்" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். டி.எஸ்.பி. மைத்துனரிடம் பேசிய அதே குரல்.

"இது இவ வண்டி சார். கோர்ட்டு சொல்லியாச்சு. கையெழுத்துப் போட்டது நான், என் பட்டியல்ல இந்த வண்டி கெடையாது."

"சக்கரம் எங்கம்மா? ஆர்டர்ல இருக்கற சக்கரத்தைக் காட்டு, கொடுக்கறேன்!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். நான் சொல்லமாட்டேன் என்ற தைரியம். சத்தியமாக, நான் சொல்லியிருக்கமாட்டேன். மேலதிகாரியை ஊர் முன்னால் விட்டுக்கொடுக்க எனக்கு வாய் வராது.

அப்போது கடகடவென்று ஒரு சத்தம்.

குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து லோசனி அம்மா வந்துகொண்டிருந்தார்கள். தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை நுனியில் முடிந்து, மஞ்சள் புடவை கட்டி, துளசித் தொட்டியைத் தள்ளிக்கொண்டு. ஜல்லிக் கல்லில் சக்கரம் குதிக்க, துளசி தலையாட்டிக்கொண்டே வருகிறது. கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. ஒரு இரும்புக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நேரே இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"ஏங்க, ஒரு கால் முடியாத பொண்ணோட சக்கரத்துலயா நம்ம வீட்டுத் துளசி நிக்குது? நான் தினமும் சுத்தி வந்தது இதையா? இந்தப் பூஜைக்குப் பலன் எனக்கு வருமா, பாவம் வருமா, நீங்களே சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர், "நான் வரதுக்கு முன்னாடியே அது அங்க இருந்தது லோசனி" என்றார்.

"அது சரி. நீங்க வந்தப்புறமும் இருந்துச்சே."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். தொப்பியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு பட்டியலை வாங்கி, தான் சிவப்பில் எழுதியதைத் தானே அடித்தார். இவ்வளவுக்கும் பிறகு அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எழுதியதை அடிக்கிற கையும் எல்லாருக்கும் வந்துவிடாது.

கொம்பையா அண்ணன் ஓடி வந்து துளசித் தொட்டியைத் தூக்கினார். "நான் வச்ச வினை, நான்தான் தூக்கணும்" என்று முனகிக்கொண்டே தனியாகவே தூக்கினார். ஏலத்துக்கு வந்த இரும்புக்காரர் ஒருவருக்குப் பழைய மெக்கானிக் வேலை தெரியும். லாரியிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு தரையில் படுத்துவிட்டார். சட்டம் அதன் பழைய துளையில் போய் உட்கார்ந்தது. ஸ்டாண்டை எடுத்ததும் வண்டி தன் நாலு காலில் நின்றது.

நான் கை தட்டினேன். யூனிஃபார்மில் இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

ஞானப்பூ லோசனி அம்மாவைக் கூப்பிட்டு, "சக்கரத்துல இருக்கிற மஞ்சள அழிக்க மாட்டேம்மா. அப்படியே இருக்கட்டும்" என்றாள். கறுப்பு அடிக்கிறதுக்கு முன்னால் மேரிமாதா படம் ஒட்டியிருந்த வண்டி அது.

ஆகஸ்டு 13

பெட்ரோல் குழாயை எலி கடித்திருந்தது. புதிதாகப் போட்டாயிற்று. கொம்பையா அண்ணன் தன் பைக்கிலிருந்த பேட்டரியைக் கழற்றி மாட்டிவிட்டு நடந்து வீட்டுக்குப் போனார். சுவர்க் கடிகாரத்தையும் இறக்கி, நூல் கட்டி, குடோனில் வைத்துவிட்டார். நாற்காலியைப் பற்றி நான் இன்னும் பேசவில்லை.

ஆகஸ்டு 14, திங்கள்

இரண்டு நாள் லீவு கிடைத்தது. இவரிடம் போன் பண்ணி, வீட்டுச் சொந்தக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். நேரில் சொல்கிறேன் என்றேன்.

மத்தியானம் வண்டியை முறைப்படி ஒப்படைத்தோம். ஞானப்பூ கையெழுத்துப் போட்டாள், சாவியை வாங்கினாள், ஏறினாள். தள்ளிவிட நாலு பேர் ஓடினோம். "யாரும் தொடாதிய!" என்று ஒரு அதட்டல். நாலு போலீஸ்காரர்கள் அப்படியே நின்றோம். எத்தனையோ தடவை பட்டனை அமுக்கினாள். வண்டி இருமியது, செருமியது, பிடிவாதம் பிடித்தது. பிறகு ஒரு புகையைக் கக்கிவிட்டுக் கிளம்பியது பாருங்கள், கிளிகளெல்லாம் கோவைக்கொடியை விட்டுப் பறந்தன.

ஸ்டேஷனைச் சுற்றினாள். இன்னொரு தடவை சுற்றினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன். பிச்சிப்பூ பறக்க, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ நிறைந்துவிட்டது. பதினெட்டு வருட சர்வீஸில் இப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை.

வாசலுக்கு வந்து, ஒரு காலைக்கூட ஊன்றாமல் பிரேக் பிடித்து நிறுத்தினாள். "வாரேன் யக்கா" என்றாள். ஏட்டம்மா எப்போது அக்கா ஆனாள் என்று தெரியவில்லை.

நான் பையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"தூத்துக்குடி பஸ்ஸுக்கு நேரமாச்சு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னைக் கொண்டு விடுதியா ஞானப்பூ?"

அவள் கண் நிறைந்து, மை கலங்கியது. அப்புறம் சீட்டில் முன்னால் நகர்ந்து இடம்விட்டாள்.

"ஏறுங்க. கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க. நான் மெதுவாப் போக மாட்டேன்."

மெதுவாகப் போகவும் இல்லை.